ஊர்ப் பேச்சு எப்படி ‘நடுநிலை ஆங்கிலம்’ ஆகிறது?

‘கார்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ‘ர்’ஐ லண்டனில் படித்தவர்கள் சொல்வதில்லை. ‘கா’ என்று நீட்டி நிறுத்திவிடுவார்கள். அங்கே அந்த ‘ர்’ஐ நாக்கை மடித்து அழுத்திச் சொல்பவரைத் தென்மேற்கு இங்கிலாந்தின் கிராமத்துக்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போனால் கணக்கு தலைகீழ். அங்கே ‘ர்’ஐச் சொல்பவர் மேல்தட்டு, அதை விழுங்குபவர் உழைக்கும் வர்க்கத்துப் பழைய நியூயார்க்கர்.

ஒலி ஒன்றேதான். ஒரு ஊரில் அது கௌரவம், இன்னொரு ஊரில் இளக்காரம். அப்படியானால் மதிப்பு ஒலிக்குள் இல்லை; யார் வாயிலிருந்து அது வருகிறது என்று பார்த்துத்தான் காது தீர்ப்புச் சொல்கிறது. ‘ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ்’, ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ என்று சொல்லப்படுபவை எல்லாமே ஏதோ ஓர் ஊரின், ஏதோ ஒரு கூட்டத்தின் பேச்சாகத் தொடங்கியவை. அந்த ஊர் வாசனை கேட்பவர் காதுக்குத் தெரியாமல் போன பிறகு அதை நடுநிலை என்கிறோம். அது எப்படி நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

வழக்கு வேறு, உச்சரிப்பு வேறு

புதிதாகப் படிப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சொற்களும் இலக்கணமும் சேர்ந்தது வட்டார வழக்கு. அதைச் சொல்லும்போது வாயில் வரும் ஒலி உச்சரிப்பு, அதாவது ஆக்சென்ட். ‘வீ வேர்’ என்று பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில் ‘வீ வாஸ்’ என்று ஒருவர் சொன்னால் அது வழக்கு வேறுபாடு. ‘பஸ்’ என்பதை வட இங்கிலாந்துக்காரர் ‘புஸ்’ போலச் சொன்னால் அது உச்சரிப்பு வேறுபாடு.

ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ் என்பது ஒரு வழக்கு மட்டுமே. அதை எந்த உச்சரிப்பிலும் பேசலாம். கிளாஸ்கோவில் பிறந்த பேராசிரியர் ‘ர்’ஐ உருட்டி உருட்டிப் பாடம் நடத்தினாலும் அவர் பேசுவது முழுக்க ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ்தான். பிரிட்டனில் மதிப்பு பெற்ற உச்சரிப்பு தனி. அதற்கு ‘ரிசீவ்ட் புரொனன்சியேஷன்’, சுருக்கமாக ஆர்.பி. என்று பெயர். 1970களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் போட்ட மதிப்பீட்டின்படி அந்த உச்சரிப்பில் பேசியவர்கள் இங்கிலாந்து மக்களில் சுமார் 3 விழுக்காடு. ஸ்டாண்டர்ட் வழக்கைத் தாய்வழக்காகப் பேசியவர்களும் பெரும்பான்மை இல்லை. ‘பொது’ என்று நாம் சொல்லும் ஒன்று பெரும்பாலோர் வீட்டில் பேசாத ஒன்று என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டும் தரமாகிய பாதைகள் வேறு, காலங்களும் வேறு. எழுத்து வழக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னதாகவே நிலைபெற்றுவிட்டது.

லண்டன் வழக்கு ஜெயித்த கதை

ஆங்கிலத்துக்கு முதலில் வாய்த்த பொது எழுத்து வழக்கு லண்டனுடையது அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃப்ரெட் அரசன் ஆண்ட வெஸ்ஸெக்ஸ் நாட்டின் வழக்கு அது. அதன் மையம் வின்செஸ்டர் நகரம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் அரசவை பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் மாறியது. வெஸ்ஸெக்ஸ் வழக்கைத் தாங்கிப் பிடிக்க ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை. சில தலைமுறைகளில் அது வெறும் ஊர்ப் பேச்சாகச் சுருங்கியது. அதிகாரம் இடம் பெயர்ந்தால் தரமும் இடம் பெயரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆங்கில வரலாற்றில் இல்லை.

அடுத்த மூன்று நூற்றாண்டுகள் ஆங்கிலத்துக்குப் பொது வடிவமே கிடையாது. அவரவர் ஊர்ப் பேச்சை அவரவர் எழுதினார்கள். பிறகு லண்டன் வளர்ந்தது. துறைமுகம், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் லண்டனிலும் அதை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரிலும் இருந்தன. நாட்டின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸிலிருந்து பிழைப்புக்கும் வணிகத்துக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அதனால் லண்டன் பேச்சே தெற்கும் மிட்லண்ட்ஸும் கலந்த ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. 1417 முதல் அரசர் ஐந்தாம் ஹென்றி தம் கடிதங்களை ஆங்கிலத்தில் அனுப்பத் தொடங்கினார். எழுத்தர்கள் படியெடுக்கும் அரசு ஆவணங்கள் நாடெங்கும் போயின. ஒரே மாதிரியான எழுத்துக்கூட்டல் மெல்லப் பழகியது.

1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சடிப்பவனுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கையால் எழுதுபவன் தன் ஊருக்கு எழுதலாம். நூற்றுக்கணக்கில் அடித்து விற்பவன் எல்லா ஊருக்கும் புரிய வேண்டும். 1490-இல் ஒரு நூலின் முன்னுரையில் கேக்ஸ்டன் இந்தச் சங்கடத்தைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலேறிய வணிகர்கள் காற்று வீசாமல் கரையில் தங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் முட்டை வேண்டும் என்று ‘எக்ஸ்’ கேட்கிறார். அந்த வீட்டுப் பெண், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். தானும் பிரெஞ்சு பேசவில்லையே என்று வணிகருக்குக் கோபம். இன்னொருவர் ‘எய்ரன்’ என்று கேட்டதும் அவளுக்கு விளங்கிவிடுகிறது. ‘எக்’ வடக்கத்திச் சொல், ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் கொண்டுவந்தது. ‘எய்’ தெற்கத்திச் சொல், அதன் பன்மை ‘எய்ரன்’. எதை அச்சில் ஏற்றுவது என்று கேக்ஸ்டன் கேட்ட கேள்விக்குக் காலம் சொன்ன பதில் நமக்குத் தெரியும்: தெற்கின் தலைநகரிலேயே வடக்கின் சொல் வென்றது.

தரம் என்பது ஒரே ஊரின் பேச்சை அப்படியே எடுத்து வைப்பது என்று நினைத்தால் அது தவறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இன்னும் வியப்பான ஒன்று உண்டு. ‘ஹீ கம்ஸ்’ என்று வினைச்சொல்லின் கடைசியில் ‘ஸ்’ சேர்ப்பதை இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லித்தருகிறோம். 14-ஆம் நூற்றாண்டில் லண்டன்காரர்கள் ‘ஹீ கமெத்’ என்றுதான் சொன்னார்கள். ‘ஸ்’ வடக்கின் அடையாளம். லண்டன் கவிஞர் சாசர், கேம்பிரிட்ஜில் படிக்கும் வடநாட்டு மாணவர்கள் இருவரை ஒரு கதையில் பேசவிடும்போது, அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று காட்ட இந்த ‘ஸ்’ஸையே அவர்கள் வாயில் வைத்தார். இருநூறு ஆண்டு கழித்து ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதுகிறார். 1611-இல் வெளியான ஜேம்ஸ் அரசர் பைபிள் மட்டும் பழைய ‘எத்’தை விடாமல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ‘எத்’ கோயில் மொழியாக ஒதுங்க, வடநாட்டு ‘ஸ்’ பொது இலக்கணமாகிவிட்டது. ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்று பொருள்படும் ‘தெம்’, ‘தேர்’ ஆகிய சொற்களும் இதே வழியில், வடக்கிலிருந்து இறங்கி வந்து, லண்டனில் புழங்கிய ‘ஹெம்’, ‘ஹிர்’ என்பவற்றைத் துரத்தியவை.

1589-இல் ஜார்ஜ் பட்டன்ஹாம் கவிஞர்களுக்கு எழுதிய வழிகாட்டியில் எல்லையையே போட்டுக் கொடுத்தார்: அரசவையின் பேச்சு, லண்டன் பேச்சு, லண்டனைச் சுற்றி 60 மைலுக்குள் இருக்கும் மாவட்டங்களின் பேச்சு. அதற்கு அப்பால் போக வேண்டாம் என்றார். தேர்வு முடிந்தது, இனி விதி எழுதுவதுதான் பாக்கி.

எது உள்ளே, எது வெளியே

மொழியியலாளர் ஐனர் ஹாகன் 1966-இல் இந்தப் பாதையை நான்கு படிகளாகப் பிரித்தார். ஒரு வழக்கைத் தேர்வது முதல் படி. அகராதி, இலக்கணம் எழுதி அதை வரையறுப்பது அடுத்தது. நீதிமன்றம், அறிவியல், கல்வி என்று எல்லா வேலைக்கும் அதை விரிப்பது மூன்றாவது. அதையே பொது என்று மக்கள் ஒப்புக்கொள்வது கடைசி. இவை வரிசை மாறாமல் வரவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. லண்டன் வழக்கைச் சட்டத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-இல் வந்தது.

வரையறுப்பு நடக்கும்போது இரண்டு வடிவங்களில் ஒன்று ‘சரி’ ஆகி, மற்றது ‘பிழை’ ஆகிவிடுகிறது. அதுவரை இரண்டும் வெறும் வேறுபாடுகள். ‘ஆஸ்க்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்றில் ‘ஸ்க்’, மற்றதில் ‘க்ஸ்’. 1535-இல் அச்சான கவர்டேல் பைபிளில் ‘கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்’ என்ற வசனம் ‘ஆக்ஸ்’ என்றே தொடங்குகிறது. இன்று அமெரிக்கக் கறுப்பினத்தவர் ‘ஆக்ஸ்’ என்று சொன்னால் படிக்காதவர் பேச்சு என்கிறார்கள். பைபிளில் இருந்த ஒரு வடிவம் இழிவானதற்கு ஒலியியல் காரணம் எதுவும் இல்லை. அதைச் சொல்பவர்கள் யார் என்பது மட்டுமே காரணம். இதைக் கேட்கும்போது கோபம் வர வேண்டும், எனக்கு வருகிறது. வேலை நேர்காணலில் ஒரு சொல்லின் இரண்டு மெய்யெழுத்துகள் இடம் மாறியதற்காக ஒருவரின் அறிவை எடைபோடுவது அநியாயம்.

இரட்டை எதிர்மறையும் அப்படித்தான். ‘ஐ டிடின்ட் டூ நத்திங்’ என்பது போன்ற அமைப்பு சாசரிடம் தாராளமாக உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத், இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று விதி எழுதினார். பலர் இந்த விதிதான் அதைக் கொன்றது என்று நினைக்கிறார்கள். உண்மையில் படித்தவர் எழுத்தில் அது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. இலக்கணக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருக்கும் மரத்தின் மேல்தான் கோடரி வைக்கிறார். வட்டாரப் பேச்சுகளிலோ அது இன்றும் நலமாக வாழ்கிறது.

உச்சரிப்பு தரமான விதம்

எழுத்து வழக்கு நிலைத்த பிறகும் உச்சரிப்பில் யாருக்கும் பெரிய வெட்கம் இருக்கவில்லை. கனவான்கள் தத்தம் மாவட்டத்து ஒலியோடு நாடாளுமன்றத்தில் பேசினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இது மாறியது. வணிகத்தில் பணம் சேர்த்த புதிய நடுத்தர வர்க்கம் மேலே ஏற விரும்பியது. ஏறுவதற்குப் பேச்சு ஒரு படிக்கட்டு. தாமஸ் ஷெரிடன் என்ற நடிகர் 1761-இல் எடின்பரோவில் சரியான ஆங்கில உச்சரிப்பு பற்றிச் சொற்பொழிவாற்றியபோது ஸ்காட்லாந்தின் பெரிய மனிதர்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். ஷெரிடனோ அயர்லாந்துக்காரர். 1791-இல் ஜான் வாக்கரின் உச்சரிப்பு அகராதி வந்தது. பல பதிப்புகள் கண்டது.

அந்த அகராதியைப் படித்தால் ஒரு செய்தி பளிச்சென்று தெரியும். இன்று ஆர்.பி.யின் முத்திரையாக நாம் நினைக்கும் இரண்டு ஒலிகள் அன்று மதிப்பானவை அல்ல. ‘கிளாஸ்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களில் ‘ஆ’வை நீட்டுவது கொச்சைக்கு மிக அருகில் நிற்கிறது என்கிறார் வாக்கர். ‘கார்ட்’ போன்ற சொற்களில் லண்டன்காரர்கள் ‘ர்’ஐத் தொண்டைக்குள் விட்டு வெறும் ‘ஆ’வாக நீட்டுவதையும் குறித்துவைக்கிறார். இரண்டும் லண்டன் தெருவிலும் தென்கிழக்கிலும் பரவிக்கொண்டிருந்த புதிய பழக்கங்கள். நூறு ஆண்டில் இவையே கனவான்களின் ஒலிகளாகின.

எப்படி? உறைவிடப் பள்ளிகள் வழியாக. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்த பிறகு நாடெங்குமுள்ள பணக்காரக் குடும்பங்கள் மகன்களை ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர், ரக்பி போன்ற பள்ளிகளுக்கு அனுப்பின. எட்டு வயதிலும் பதின்மூன்று வயதிலும் வீட்டைப் பிரிந்த பையன்கள் ஒருவரோடொருவர் வளர்ந்தார்கள். யார்க்ஷயரிலிருந்து வந்த பையன் தன் ஊர் ஒலியோடு வகுப்பில் நின்றால் மற்றவர்கள் விடமாட்டார்கள். பள்ளி முடித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ராணுவம், திருச்சபை, இந்திய சிவில் சர்வீஸ் என்று பரவினார்கள். எங்கிருந்து வந்தவர் என்று சொல்ல முடியாத, எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்று மட்டும் உடனே சொல்லிவிடக்கூடிய ஓர் உச்சரிப்பு இப்படி உருவானது. ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917-இல் தம் உச்சரிப்பு அகராதியில் இதை ‘பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு’ என்று வெளிப்படையாகவே அழைத்தார் (இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்பது அரசுப் பள்ளி அல்ல, மேலே சொன்ன பணக்காரப் பள்ளிகளின் பெயர்). 1926-இல் பெயரை ‘ரிசீவ்ட்’ என்று மாற்றினார். முதல் பெயரில் பள்ளிக்கூடம் தெரிந்தது. இரண்டாவதில் அது மறைந்துவிட்டது.

1922-இல் பி.பி.சி. தொடங்கியது. 1926-இல் பேச்சு ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குழு வைத்தார்கள். அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமை. டேனியல் ஜோன்ஸும் பெர்னார்ட் ஷாவும் உறுப்பினர்கள், பின்னர் ஷா தலைவரானார். ஐயத்துக்கிடமான சொற்களை எப்படிச் சொல்வது என்று குழு முடிவு செய்யும், அறிவிப்பாளர்கள் பின்பற்றுவார்கள். 1939-இல் போர் வந்து குழு நின்றது. ஆனால் நாட்டுக்குப் பழகிவிட்டது: செய்தி என்றால் அந்தக் குரல். 1941-இல் யார்க்ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் ஊர் ஒலியோடு தேசியச் செய்தி வாசித்து, வடக்கத்திப் பாணியில் ‘குட் நீட்’ என்று விடைபெற்றபோது புகார்கள் வந்தன. செய்தி அதேதான். வாசித்த வாய் மாறியதும் நம்பகம் குறைந்ததாகச் சிலருக்குத் தோன்றியது. நடுநிலை என்பது காதுக்கு ஏற்றப்பட்ட பழக்கம் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

நியூயார்க் கடையில் ஒரு கேள்வி

இரண்டாம் உலகப்போருக்கு முன் அமெரிக்காவிலும் ‘ர்’ விழுங்குவதே நியூயார்க், பாஸ்டன் மேல்தட்டின் வழக்கம். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உரைகளைக் கேட்டால் தெரியும். போருக்குப் பிறகு காற்று மாறியது. மக்கள்தொகையும் பணமும் உள்நாட்டிலும் மேற்கிலும் பெருகியிருந்தன. அங்கெல்லாம் ‘ர்’ முழுசாக ஒலித்தது. பெரும்பாலான நேயர்கள் பேசும் விதத்தில் பேசுவதே வானொலிக்கு நல்லது என்ற எண்ணம் வலுத்தது. என்.பி.சி. என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் 1943-இல் வெளியிட்ட உச்சரிப்புக் கையேடும் ‘ஜெனரல் அமெரிக்கன்’ என்ற அந்த வகையையே எடுத்துக்கொண்டது.

மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் 1962-இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் செய்த ஆய்வு ஒவ்வொரு தொடக்கநிலை மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. செலவே இல்லாத ஆய்வும்கூட. மன்ஹாட்டனில் மூன்று கடைகளை எடுத்துக்கொண்டார்: விலை உயர்ந்த சாக்ஸ், நடுத்தரமான மேசிஸ், மலிவான எஸ்.கிளைன். நான்காம் மாடியில் எந்தப் பொருள் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வார். பிறகு வாடிக்கையாளர் போல விற்பனையாளரிடம் அந்தப் பொருள் எங்கே என்று கேட்பார். பதில் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்றுதான் வரமுடியும். காது கேட்காதவர் போல் இன்னொருமுறை கேட்பார். இப்போது அவர்கள் அழுத்தி, கவனத்தோடு சொல்வார்கள். நான்கு இடங்களில் ‘ர்’ வருகிறதா இல்லையா என்று மறைவாகப் போய்க் குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர்.

சாக்ஸ் ஊழியர்களில் 62 விழுக்காட்டினர் எல்லா இடத்திலுமோ சில இடத்திலாவதோ ‘ர்’ சொன்னார்கள். மேசிஸில் 51. கிளைனில் 20. இரண்டாம் முறை கவனமாகச் சொன்னபோது ‘ர்’ கூடியது, அதிலும் மேசிஸ் ஊழியர்களிடம் அதிகம் கூடியது. மேலே ஏறும் ஆசையும் கீழே விழும் அச்சமும் நடுவில் இருப்பவர்களுக்கே அதிகம். இந்த விற்பனையாளர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். ஆனால் தாங்கள் பரிமாறும் வாடிக்கையாளரின் மதிப்பைத் தங்கள் வாயில் ஏற்றிக்கொண்டார்கள். புதிய தர ஒலி சட்டம் போட்டுப் பரவுவதில்லை. கடைக்காரர் ஒருவர் இரண்டாம் முறை பதில் சொல்லும்போது பரவுகிறது.

ஜெனரல் அமெரிக்கன் என்பதைக் கழித்தல் கணக்கு என்று புரிந்துகொள்வது சுலபம். தெற்கத்தி இழுவையை எடுத்துவிடுங்கள், நியூயார்க்கின் ‘ர்’ இல்லாமையையும் பாஸ்டனின் ‘ஆ’வையும் எடுத்துவிடுங்கள், மிச்சம் இருப்பது அது. அதனால் அதற்கு ஓர் ஊர் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு மாதிரியாக இருந்த ஊர்கள் உண்டு: ஒஹாயோ உள்ளிட்ட வடக்கு உள்நாட்டுப் பகுதி. பின்னர் அந்த ஊர்களே நகர்ந்தன. 1960களின் இறுதியிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லண்ட், பஃபலோ நகரங்களில் உயிரொலிகள் வட்டமாக இடம் பெயர்வது கவனிக்கப்பட்டது. பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்பது ‘கியட்’ போலவும், ‘பிளாக்’ என்ற கட்டடத் தொகுதி கறுப்பு என்ற சொல்லைப் போலவும் ஒலித்தன. நடுநிலைக்கு இலக்கணமாக இருந்த ஊரின் பேச்சே வட்டாரப் பேச்சாக மாறியது.

கீழிருந்து நடக்கும் கலப்பு

இதுவரை சொன்னது மேலிருந்து வருவது: அரசவை, பள்ளி, வானொலி. இன்னொரு பாதை கீழிருந்து வருகிறது. அதில் அகராதியும் இல்லை, வாத்தியாரும் இல்லை, குழந்தைகள் மட்டுமே.

லண்டனுக்கு வடமேற்கே மில்டன் கீன்ஸ் என்ற புதிய நகரத்தை 1967-இல் அறிவித்தார்கள். லண்டன், தென்கிழக்கு, வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று எல்லா இடத்திலிருந்தும் குடும்பங்கள் குடியேறின. மொழியியலாளர்கள் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் இருவரும் 1990களின் தொடக்கத்தில் அங்கே 4, 8, 12 வயதுப் பிள்ளைகள் 48 பேரின் பேச்சைப் பதிவு செய்தார்கள். நான்கு வயதுப் பிள்ளை அம்மாவைப் போலப் பேசியது. ஸ்காட்லாந்துத் தாயின் பிள்ளையிடம் ஸ்காட்லாந்து ஒலி. எட்டு வயதில் அது உதிர்ந்துபோயிருந்தது. பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரி பேசினார்கள். பள்ளிக்கூட மைதானம் அம்மாவின் மடியை நான்கே ஆண்டில் வென்றுவிடுகிறது.

நியூசிலாந்தில் இதே வேலைக்கு மூன்று தலைமுறை ஆனது. 1840க்குப் பிறகு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் அங்கே போனார்கள். 1946 முதல் 1948 வரை அந்நாட்டு வானொலியின் நடமாடும் பதிவு வண்டி, 1850கள் தொடங்கிப் பிறந்த முதியவர்களின் நினைவுகளை ஊர் ஊராகப் பதிவு செய்தது. அந்த ஒலிப்பதிவுகள் இன்று மொழியியலுக்குப் பெரும் செல்வம். ஒரே ஊரில் ஒரே வயதில் வளர்ந்த இருவர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்; ஒரே ஆள் ஸ்காட்லாந்து ‘ர்’ஐயும் தென் இங்கிலாந்து உயிரொலியையும் சேர்த்துப் பேசுகிறார். அடுத்த தலைமுறையில் அந்தச் சிதறல் ஒடுங்கி நியூசிலாந்து ஆங்கிலம் பிறந்தது.

கலவையில் எது தங்கும்? பொதுவாக அதிகம் பேர் சொல்வது. பல ஊர்களுக்குப் பொதுவானது. கேட்டவுடன் ‘இவன் இன்ன ஊர்’ என்று காட்டிக்கொடுக்கும் ஒலி முதலில் போகும். நியூசிலாந்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அடர்த்தியாகக் குடியேறிய தெற்கு முனையான சவுத்லண்டில் மட்டும் ‘ர்’ நிலைத்தது இதனால்தான்.

இனிமை என்பது எங்கே இருக்கிறது

ஆர்.பி. இயல்பாகவே காதுக்கு இனியது என்பவர்கள் இன்னும் உண்டு. 1970-இல் ஹோவர்ட் கைல்ஸ் பிரிட்டிஷ் மாணவர்களிடம் உச்சரிப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது ஆர்.பி. மேலேயும் பர்மிங்ஹாம் பேச்சு அடியிலும் வந்தன. அது ஒலியின் அழகா, பழக்கத்தின் பாரமா? 1974-இல் கைல்ஸும் டிரட்கில் உள்ளிட்ட குழுவினரும் ஏதென்ஸ் கிரேக்கத்தையும் கிரீட் தீவுக் கிரேக்கத்தையும், கிரேக்கமே தெரியாத பிரிட்டிஷ் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கிரேக்கருக்கு ஏதென்ஸ் பேச்சு உயர்ந்தது. மொழி தெரியாத காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

தரமான உச்சரிப்பு தானும் நிற்பதில்லை. இரண்டாம் எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950களிலிருந்து 1980கள் வரை அளந்த ஜொனாதன் ஹாரிங்டன் குழு 2000-இல் முடிவை வெளியிட்டது: ராணியின் உயிரொலிகளே தென் இங்கிலாந்தின் சாதாரண மக்கள் பேச்சை நோக்கி நகர்ந்திருந்தன.

சென்னை கால்சென்டரின் ‘நியூட்ரல்’

2000களில் சென்னை, பெங்களூரு, குருகிராம் கால்சென்டர்களில் ‘வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட்’ பயிற்சி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஆரம்பத்தில் அமெரிக்க உச்சரிப்பையே போட்டுப் பார்த்தார்கள். பிறகு ‘நியூட்ரல் ஆக்சென்ட்’ என்றார்கள். மேலே சொன்ன அதே கழித்தல் கணக்குதான் இங்கேயும்: தமிழோ தெலுங்கோ வங்காளமோ தெரியாதபடி ஒலிகளை வடிகட்டுவது.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, காதில் பளிச்சென்று படும் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்வது. ‘வாட்டர்’ என்பதை ‘வாடர்’ ஆக்கி, எல்லா இடத்திலும் ‘ர்’ஐ மடிப்பார்கள், ‘ர்’ இல்லாத ‘சைனா’விலும் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ‘வ’வைத் திருத்தச் சொன்னால் பல்லும் உதடும் பட வேண்டிய ‘வெரி’யில்கூட உதட்டைக் குவிப்பார்கள். அழுத்தமும் தாளமும் பழையபடியே இருக்கும். கேட்பவருக்கு முன்பு புரிந்ததும் புரியாமல் போகும்.

புரிதலுக்கு எது முக்கியம் என்பதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது சறுக்குகிறது என்று பார்த்து ஒரு பட்டியல் தந்தார். ‘திங்க்’, ‘தட்’ சொற்களில் வரும் அந்தக் காற்றொலி பட்டியலில் இல்லை. அதற்குப் பதில் நம் ‘த’வைச் சொன்னால் பெரும்பாலும் யாருக்கும் இடறாது. நாக்கை மடித்துச் சொல்லும் நம் ‘ட’வும் அப்படியே, ஊர் தெரியும், பொருள் கெடாது. இவற்றுக்காக வாரக்கணக்கில் நாக்கைப் பழக்குவது நேர விரயம் என்பது என் கருத்து.

தமிழருக்கு உண்மையில் இடறுபவை வேறு. சொல் தொடக்கத்து ‘ப’, ‘ட’, ‘க’ ஒலிகளோடு ஆங்கிலத்தில் ஒரு மூச்சு வெளிவரும். அது இல்லாமல் ‘பின்’ என்றால் ஆங்கிலேயர் காதில் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாக விழும். உள்ளங்கையை உதட்டுக்கு முன் இரண்டு அங்குலத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். காற்று கையில் பட வேண்டும். ‘வெஸ்ட்’ என்று இரண்டு சொற்கள் உண்டு, ஒன்று மேற்கு, ஒன்று உள்சட்டை. முதலாவதற்கு உதடு குவிய வேண்டும். இரண்டாவதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட்டு அதிர வேண்டும். தமிழ் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இரண்டுமே குழம்பும். சொல்லின் கடைசி மெய்யெழுத்துக்குப் பின் ‘உ’ சேர்ப்பதை நிறுத்த வேண்டும். குறில் நெடிலில் நமக்குச் சிரமமில்லை. அது தாய்மொழி கொடுத்த வரம்.

எல்லாவற்றையும்விட அழுத்தம் முக்கியம். ஆர்.கே.பன்சால் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய ஆங்கிலம் புரியாமல் போவதற்குச் சொல்லழுத்தம் இடம் மாறுவதைப் பெரிய காரணமாகக் கண்டார். ‘ஹோட்டல்’, ‘ஈவென்ட்’, ‘டெவலப்’ என்று முதல் அசையை அழுத்துகிறோம். அவற்றில் அழுத்தம் இரண்டாம் அசையில். வாக்கிய அழுத்தத்துக்குத் தமிழ் ஒரு தனி வழி வைத்திருக்கிறது. ‘திங்கட்கிழமைதான் வரச் சொன்னேன்’ என்பதில் ‘தான்’ அந்த வேலையைச் செய்துவிடுவதால் குரல் உயரத் தேவையில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் ‘மண்டே ஒன்லி’ என்கிறோம். ஆங்கிலக் காது அங்கே ‘ஒன்லி’யை எதிர்பார்க்கவில்லை, ‘மண்டே’ என்ற சொல் மட்டும் நீண்டு, சுருதி ஏறி வருவதை எதிர்பார்க்கிறது.

சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு நிமிடம் இயல்பாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். உங்களை அறியாத, வேறு தாய்மொழி பேசும் ஒருவரிடம் கொடுத்து, கேட்டதை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் சரியாக எழுதிய சொற்களை விட்டுவிடுங்கள், அவை எவ்வளவு தமிழாக ஒலித்தாலும் சரி. தவறாக எழுதிய சொற்களை மட்டும் எடுத்து, அங்கே போனது அழுத்தமா, மூச்சா, கடைசி மெய்யா என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியான பிறகு அடுத்ததற்குப் போகலாம்.